பிசிஎம் தூங்காத வண்டி: டிக்கிக் கதவின் ஒரு வயர் பேட்டரியைக் காலி செய்த விதம்

வண்டி ஐந்து கதவு ஹேட்ச்பேக். எட்டு வருடம் ஓடியது, 12 வோல்ட் 45 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரண்டு இரவு நிறுத்தி வைத்தால் மூன்றாம் நாள் காலை ஸ்டார்ட்டர் சுற்றாது. பேட்டரியைப் புதிதாக மாற்றியும் பழுது போகவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.2 வோல்ட் வருகிறது, ஆகவே ஆல்டர்னேட்டரில் குறை இல்லை. இவற்றோடு சில்லறைப் புகார்களும் உண்டு. சில நேரம் ரிமோட்டில் டிக்கி திறப்பதில்லை. பின் வைப்பர் விட்டு விட்டு வேலை செய்கிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது டாஷ்போர்டு மீட்டரில் டிக்கி திறந்திருப்பதாக ஒரு கணம் படம் வந்து போகிறது. இத்தனையும் விளக்கு, பூட்டு, வைப்பர் போன்றவற்றை நடத்தும் கணினிப் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூலோடு, அதாவது பிசிஎம்மோடு, சேர்ந்தவை என்பதால் "பிசிஎம் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று ஏற்கெனவே ஒரு தீர்ப்பும் சொல்லப்பட்டுவிட்டது.

இது தனி ஒரு வண்டியின் பதிவு அல்ல. ஹேட்ச்பேக் வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பழுதை, அதன் எல்லா அறிகுறிகளோடும் ஒரே வண்டியில் வைத்து விளக்குகிறோம். அளவீடுகள் இந்த வகை வண்டியில் எதிர்பார்க்கக்கூடிய எல்லைக்குள் உள்ளவை. மாடலுக்கு மாடல் வயரிங் மாறும் என்பதால் சர்க்யூட் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எந்த வண்டியிலும் கை வைக்க வேண்டும்.

பிசிஎம்முக்குள் என்ன இருக்கிறது

பெட்டியைத் திறந்தால் நடுவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர். அதற்கு 5 வோல்ட்டோ 3.3 வோல்ட்டோ கொடுக்கும் ரெகுலேட்டர், மற்ற கன்ட்ரோல் யூனிட்டுகளோடு பேச உதவும் கேன், லின் பஸ் வயர்களுக்கான டிரான்ஸீவர்கள், சுவிட்சுகளின் வயர் வந்து சேரும் இன்புட் பகுதி, விளக்குகளையும் மோட்டார்களையும் ஓட்டும் அவுட்புட் பகுதி. பேட்டரியிலிருந்து ஒரே ஒரு சப்ளை வருவதில்லை. தனித்தனி ஃப்யூஸ் வழியாக இரண்டு மூன்று லைன்கள் வரும். ஒன்று மூளைக்கு, மற்றவை விளக்குகளுக்கும் சென்ட்ரல் லாக்குக்கும். ஒரு ஃப்யூஸ் மட்டும் போனால் பிசிஎம் ஸ்கேனரில் (பழுதுக் குறியீடு படிக்கும் கருவியில்) ஒழுங்காகப் பேசும், ஆனால் ஒரு பக்க விளக்கு எதுவும் எரியாது. இந்த நிலையில் பிசிஎம்மையே குற்றம் சொல்லி மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அவுட்புட் பகுதியில் இப்போது ரிலே குறைவு, பெரும்பாலும் ஸ்மார்ட் ஃபெட்கள் எனும் மின்னணு சுவிட்சுகள்தான். ஒவ்வொன்றும் தன் வழியாகப் போகும் கரண்டை அளந்து மைக்ரோகன்ட்ரோலருக்குச் சொல்லும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். இழை குளிர்ந்திருக்கும்போது சுவிட்ச் போட்ட கணத்தில் அதைப்போல சுமார் பத்து மடங்கு பாயும் என்பதால் முதல் சில மில்லிவினாடிகளின் கரண்டை பிசிஎம் ஷார்ட் என்று எடுத்துக்கொள்வதில்லை. பல்பு எரிந்துபோனால் கரண்ட் குறைவதை வைத்துக் கண்டுபிடித்து இண்டிகேட்டரை வேகமாக மின்னவைக்கும். ஐக்கிய நாடுகள் சபையின் விதி எண் 48 இண்டிகேட்டருக்கு நிமிடத்துக்கு 90 முறை, கூடக் குறைய 30 என்கிறது. அந்த வேகம் இரட்டிப்பானால் ஓட்டுபவர் கவனிப்பார். பல்பு இருந்த இடத்தில் எல்இடி போட்டவுடன் இண்டிகேட்டர் படபடப்பதற்கும் இதுவே காரணம்.

இந்தப் புகாருக்கு முக்கியமானது இன்புட் பகுதி. பிசிஎம்முக்குக் கண் கிடையாது. டிக்கி மூடியிருக்கிறதா என்பதை, கனெக்டரின் ஒரு பின்னில் (வயர் வந்து சேரும் உலோக ஊசியில்) 12 வோல்ட் நிற்கிறதா, 0 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிறதா என்பதை வைத்தே முடிவு செய்கிறது. பின்னை உள்ளிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக மேலே இழுத்து வைத்திருக்கும். டிக்கியைத் திறந்தால் அதன் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் இணைந்து அந்த வயர் எர்த்தாகும். உடனே "டிக்கி திறந்திருக்கிறது" என்று பொருள். சுவிட்ச் முனைகளில் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் தடையாக நிற்காதபடி, வேண்டுமென்றே சில மில்லிஆம்பியர் பாய விடுவார்கள். சுவிட்ச் அதிர்வதைத் தவறாக எண்ணிவிடாமல் இருக்க, நிலை மாறி 20 முதல் 50 மில்லிவினாடி வரை அப்படியே நின்றால்தான் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். இதற்கு மேல் அது எதையும் சரிபார்ப்பதில்லை. வயரை எர்த்தாக்கியது சுவிட்சா, உரிந்துபோன இன்சுலேஷனா என்று பிரித்தறிய அதற்கு வழி இல்லை.

தூக்கம் என்பது என்ன

சாவியை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போனதும் வண்டி உடனே அணைந்துவிடுவதில்லை. யூனிட்டுகள் ஒன்றோடொன்று கேன் பஸ்ஸில் "எனக்கு இனி வேலை இல்லை" என்று சொல்லி முடிக்கும்வரை எல்லாமே விழித்திருக்கும். ஒன்று மறுத்தாலும் மற்றவை தூங்க முடியாது. எல்லாம் ஒத்துக்கொண்டதும் கேன் செய்திகள் நின்றுபோகும். ஓடும்போது இரண்டு கேன் வயரிலும் சராசரியாக 2.5 வோல்ட் அளவில் தெரியும், தூங்கியதும் இரண்டும் 0 வோல்ட்டுக்கு அருகில் இறங்கிவிடும். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6-ஆம் பின்னில் மல்டிமீட்டரை வைத்தே வண்டி விழித்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கேட்வே எனும் இடைப்பெட்டி வைத்து அந்தப் பின்னைப் பிரித்திருக்கும் வண்டிகளில் மட்டும் இந்த வழி உதவாது.

தூக்கத்தில் பிசிஎம்மின் முக்கிய கடிகாரம் நிற்கும். விழிப்பூட்டும் வழிகள் மட்டும் திறந்திருக்கும்: கதவு சுவிட்சுகள், டிக்கி சுவிட்ச், பிரேக் பெடல், ஹசார்ட் பொத்தான், ரிமோட் ரிசீவர், கேன், லின். சுவிட்சுகளுக்குத் தொடர்ந்து கரண்ட் கொடுத்தால் அதுவே பேட்டரியைத் தின்னும் என்பதால், பல பிசிஎம்கள் சில பத்து மில்லிவினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பல்ஸ் கொடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அணைந்துகொள்ளும். இதை மனதில் வைக்காமல் தூங்கும் வண்டியின் சுவிட்ச் வயரில் மல்டிமீட்டர் வைத்தால், 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 1 வோல்ட்டுக்கும் கீழே காட்டும். பின்னில் குறை என்று எண்ணத் தோன்றும். குறை எதுவும் இல்லை. மீட்டர் பல்ஸ்களின் சராசரியைக் காட்டுகிறது, அவ்வளவுதான். வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தைப் படமாக வரையும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் பல்ஸ் பல்ஸாகத் தெளிவாகத் தெரியும்.

நல்ல நிலையில் உள்ள வண்டி முழுதும் தூங்கிய பிறகு 20 முதல் 50 மில்லிஆம்பியர்தான் எடுக்க வேண்டும். 25 மில்லிஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-அவர், ஒரு மாதத்துக்கு 18. இரண்டே இரவில் 45 ஆம்பியர்-அவர் பேட்டரி படுத்துவிடுகிறது என்றால் அரை ஆம்பியருக்குக் குறையாமல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

ஸ்கேனர் சொன்னதும் சொல்லாததும்

முதலில் பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து 12.65 வோல்ட்டில் நிறுத்திய பிறகுதான் ஸ்கேனரை மாட்ட வேண்டும். இந்த வண்டியில் வந்த குறியீடுகள்: பிசிஎம்மில் குறைந்த வோல்ட்டேஜ், எஞ்சின் யூனிட்டில் யு0140. இந்த யு0140 என்பது "பிசிஎம்மோடு தொடர்பு போனது". பிசிஎம் மாற்ற வேண்டும் என்ற தீர்ப்பு இந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தது. வலுவில்லாத பேட்டரியில் ஸ்டார்ட்டர் சுற்ற முயலும்போது வோல்ட்டேஜ் 6, 7 வரை விழும். அப்போது சில யூனிட்டுகள் ரீசெட் ஆகும், விழித்திருக்கும் பக்கத்து யூனிட் அதைத் "தொடர்பு போனது" என்று எழுதி வைத்துக்கொள்ளும். பேட்டரி இறங்கியதன் விளைவை இறங்கியதற்குக் காரணமாகப் படித்துவிட்டார்கள். குறியீடுகளை அழித்து, நல்ல பேட்டரியோடு ஓட்டி, நிறுத்தி, மறுபடி படித்தபோது ஒன்றும் வரவில்லை.

டிக்கி சுவிட்சைப் பற்றி ஏன் ஒரு குறியீடும் இல்லை? திறந்தது, மூடியது இரண்டுமே பிசிஎம்முக்குச் சட்டப்படியான நிலைகள். வயர் உரசி எர்த்தானால் அது "திறந்தது" என்றுதான் படிக்கப்படும், பழுதாகத் தோன்றாது. பழுதுக் குறியீடு இல்லாததை வைத்து சுவிட்ச் வயரிங்குக்கு நற்சான்று கொடுக்க முடியாது. (படிப்படியான ரெசிஸ்டர் வைத்த சுவிட்சுகள், உதாரணமாக ஸ்டீயரிங் பக்கத்து வைப்பர் லீவர், வேறு வகை. அங்கே அறுந்த வயருக்கும் ஷார்ட்டுக்கும் தனி வோல்ட்டேஜ் உண்டு, குறியீடும் வரும்.)

அடுத்து பிசிஎம்மின் சாப்பாடு சரியா என்று பார்ப்பது. ஹெட்லைட், ஹசார்ட், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டுவிட்டு, கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சப்ளை பின்னையும் பேட்டரி பிளஸ்ஸோடு ஒப்பிட்டால் அதிகபட்சம் 0.2 வோல்ட் வித்தியாசம் இருக்கலாம். எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இங்கே 0.09, 0.03. இரண்டும் நன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடியின் 6, 14 பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம். இரு முனையிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டும் இருக்கின்றன. 120 என்று வந்திருந்தால் ஒரு முனை போயிருக்கும். கேன் பஸ்ஸில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

கரண்டைப் பிடித்தல்

இந்த வேலையில் அவசரம் ஆகாது. பானட் பூட்டையும் கதவுப் பூட்டுகளையும் ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் திருப்பி வைத்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யலாம், பிசிஎம் எல்லாம் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். டிக்கியை மட்டும் அப்படிச் செய்யாமல் உண்மையாகவே மூடி வைத்தோம் என்பது இங்கே முக்கியம். காரணம் பின்னால் வரும். சாவியை வண்டியிலிருந்து பல மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், கீலெஸ் வண்டியில் அருகே இருக்கும் சாவியே தூங்க விடாது. பேட்டரி மைனஸ் கேபிளில், 1 மில்லிஆம்பியர் வரை பிரித்துக் காட்டும் டிசி கிளாம்பை மாட்டி, பதிவு செய்யும் மீட்டரோடு இணைக்க வேண்டும்.

பூட்டியவுடன் 5 ஆம்பியர், சில வினாடியில் 1.2 ஆம்பியர், பதினைந்தாம் நிமிடம் 24 மில்லிஆம்பியர். இந்த இடத்தில் நிறுத்தினால் "டிரெயின் இல்லை", அதாவது பேட்டரி வீணாக இறங்கவில்லை, என்று எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். இந்த வகைப் பழுது பல பட்டறைகளில் தப்புவது இங்கேதான். பதிவை இரவு முழுதும் ஓட விட்டால் வேறு படம் வந்தது. ஒரு மணி நேரம் போல அமைதி. பிறகு வெளியே வெப்பம் இறங்க இறங்க, கரண்ட் திடீரென 1.9 ஆம்பியருக்கு ஏறி, உள்விளக்கு டைமர் முடிந்ததும் 0.9-க்கு இறங்கி, சற்று நேரம் தூங்கியதும் மறுபடி ஏறி, இப்படியே காலைவரை. 12 மணி நேர சராசரி 0.55 ஆம்பியர். 40 மணி நேரத்துக்கு 22 ஆம்பியர்-அவர். நகர ஓட்டத்தில் பேட்டரி 80 சதவீத சார்ஜில்தான் நிற்கும் என்று வைத்தால் கையில் இருப்பது 36. அதில் 22 போனால் மிச்சம் 14. காலைக் குளிரில் ஸ்டார்ட்டர் சுற்ற அது போதாது. புகாரும் கணக்கும் பொருந்திவிட்டன.

எந்த சர்க்யூட்டில் போகிறது? ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழி இங்கே கெடுதல். பிடுங்கி மாட்டும்போது யூனிட் ரீசெட் ஆகி, பழுது நிலை கலைந்துவிடும். ஃப்யூஸின் முதுகில் இருக்கும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் அளந்தாலே போதும். 10 ஆம்பியர் மினி ஃப்யூஸின் தடை சுமார் 7 முதல் 8 மில்லிஓம், ஆகவே 100 மில்லிஆம்பியர் போனால் முக்கால் மில்லிவோல்ட் அளவில் காட்டும்.

கரண்ட் ஏறியிருந்த நேரத்தில் அளந்தபோது ஒரு ஃப்யூஸில் மட்டும் அல்ல. பிசிஎம், மீட்டர், ஆடியோ, கேட்வே, ஏசி கன்ட்ரோல் என்று ஐந்தாறு ஃப்யூஸ்களிலும் சிறிது சிறிதாக இருந்தது. இதுவே பெரிய தடயம். ரிலே ஒட்டிக்கொண்டாலோ ஒரு யூனிட் உள்ளுக்குள் கசிந்தாலோ ஒரே ஃப்யூஸில் தெரியும். பல ஃப்யூஸில் பரவி இருந்தால் யாரும் கசியவில்லை, யாரோ எல்லோரையும் எழுப்புகிறார்கள்.

யார் எழுப்புவது

சில பிசிஎம்கள் கடைசியாக எதனால் விழித்தோம் என்று பதிவு செய்து ஸ்கேனரில் காட்டும். அது இருந்தால் வேலை பாதியாகிவிடும். இல்லாத வண்டியில் இரண்டு சேனல் ஆசிலாஸ்கோப் தேவை. மீட்டரில் வந்து போகும் டிக்கிப் படம் ஏற்கெனவே ஒரு கையைக் காட்டியிருந்தது. ஆகவே முதல் சேனலை பிசிஎம் கனெக்டரில் டிக்கி சுவிட்ச் பின்னில் பின்பக்கமாக ஊசி வைத்தும், இரண்டாம் சேனலை கேன் ஹை வயரிலும் மாட்டினோம். கேனில் முதல் அசைவு வரும்போது ட்ரிகர் ஆகி, அதற்கு முந்தைய 200 மில்லிவினாடியையும் சேர்த்துப் பிடிக்கும்படி ஒற்றை ஷாட்டில் வைக்க வேண்டும்.

கிடைத்த படம் இதுதான். டிக்கி வயரில் 40 மில்லிவினாடிக்கு ஒருமுறை, 12 வோல்ட் உயரத்துக்கு, ஒரே சீராக மெல்லிய பல்ஸ்கள். நாலாவது பல்ஸ் 12 வோல்ட்டுக்கு எழாமல் 0.3 வோல்ட்டிலேயே தரையோடு கிடக்கிறது. அடுத்ததும் அப்படியே. உடனே கேன் வயர் 0-விலிருந்து எழுந்து செய்திகள் பாயத் தொடங்குகின்றன. டிக்கி மூடியிருக்கும்போது அந்த வயர் எங்கோ எர்த்தைத் தொட்டது, பிசிஎம் ஒரு நல்ல காவலாளி செய்ய வேண்டியதைத் தவறாமல் செய்தது.

படம் கிடைத்ததோடு நிறுத்தாமல் ஒரு சோதனை: டிக்கி சுவிட்சின் பின்னை மட்டும் பிசிஎம் கனெக்டரிலிருந்து கழற்றி, டேப் சுற்றி, இன்னொரு இரவு பதிவு செய்வது. வயர் இல்லாவிட்டால் பின் மேலேயே நிற்கும், "மூடியது" என்றே படிக்கும். அன்று இரவு 24 மில்லிஆம்பியர் நேர்கோடு, ஓர் ஏற்றம்கூட இல்லை. பிசிஎம் நிரபராதி என்பது இங்கே முடிவாகிறது.

ரப்பர் குழாய்க்குள்

பாடியிலிருந்து டிக்கிக் கதவுக்கு வயர்கள் போகும் இடத்தில், கீலுக்குப் பக்கத்தில், மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் எல்லா வயரும் அதே இடத்தில் வளைகின்றன. வருடக்கணக்கில் இன்சுலேஷன் இறுகி வெடிக்கும், செம்பு இழைகள் வளைந்து வளைந்து கெட்டியாகி ஒவ்வொன்றாக அறும். முதலில் போவது பெரும்பாலும் தடிமனான எர்த் வயர், தடிமன் கூடக் கூட வளைவது கடினம்.

குழாயின் பாடிப் பக்க முனையை மெல்ல நெம்பி எடுத்து இழுத்தபோது தெரிந்தவை: 2.5 சதுர மில்லிமீட்டர் பழுப்பு எர்த் வயர் முழுதாக அறுந்து, செம்பு கருத்து, பாடிப் பக்க நுனி முள்ளாக நிற்கிறது. அதை ஒட்டி ஓடும் 0.5 சதுர மில்லிமீட்டர் டிக்கி சுவிட்ச் வயரின் இன்சுலேஷன் ஒரு பக்கம் பிளந்து செம்பு எட்டிப் பார்க்கிறது. கதவை மூடினால் மடிப்பு நெருங்கி, எர்த்தின் நுனி அந்தப் பிளவுக்குள் அழுந்துகிறது. இரவில் குளிரில் இன்சுலேஷன் சுருங்கி விறைக்கும்போது தொடுதல் விட்டு விட்டு வருகிறது. கதவைத் தூக்கினால் இரண்டும் விலகி, அறுந்த எர்த்தின் இரு நுனிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. டிக்கியைத் திறந்து வைத்து எவ்வளவு நேரம் சோதித்தாலும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். கதவை மூடியே பதிவு செய்ய வேண்டியிருந்தது இதனால்தான்.

சில்லறைப் புகார்கள் எல்லாவற்றுக்கும் விடை அந்த எர்த்திலேயே இருந்தது. நம்பர் பிளேட் விளக்கு, மேல் பிரேக் விளக்கு, பின் வைப்பர் மோட்டார், பூட்டுத் திறக்கும் மோட்டார் நான்குக்கும் கதவில் அது ஒன்றே எர்த். அது அறுந்தால் கதவுக்குள் இருக்கும் எர்த் முனை எதிலும் பிடிப்பின்றித் தொங்கும், கரண்ட் வேறு வழி தேடும். பகலில் பிரேக் அழுத்தினால் எல்இடி மேல் விளக்கின் கரண்ட், நம்பர் பிளேட் பல்பின் வழியாகத் தலைகீழாகப் போய், பார்க் லைட் வயரில் ஏறி, பாடியில் இருக்கும் பின் விளக்குப் பல்புகளின் எர்த்தில் இறங்கும். மேல் விளக்கு எரியும். இரவில் பார்க் லைட் போட்டதும் அதே வயரில் 12 வோல்ட் வந்துவிடுகிறது. மேல் விளக்குக்கு இரு பக்கமும் 12 வோல்ட், ஆகவே எரியாது. பகலில் வைப்பரைப் போட்டால் வைப்பர் அசையாது, ஆனால் நம்பர் பிளேட் விளக்கு மங்கலாக எரியும், ஏனெனில் மோட்டாரும் பல்பும் தொடராகிவிட்டன. ஒன்றைப் போட்டால் வேறொன்று எரியும் இந்த விந்தையைப் பார்ப்பவர்கள் பிசிஎம் குழம்பிவிட்டது என்கிறார்கள். எர்த் போன சர்க்யூட் எப்போதும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

எர்த்தை ஓம் மீட்டரால் சோதிப்பது ஏமாற்றும். ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் 0.3 ஓம் காட்டும், ஆனால் வைப்பரின் 3 ஆம்பியரை அது நம்பகமாகத் தாங்காது. 21 வாட் பல்பு ஒன்றை சுமையாக மாட்டி, கதவு மூடிய நிலையில், நம்பர் பிளேட் விளக்கின் எர்த் பின்னிலிருந்து பேட்டரி மைனஸுக்கு வோல்ட்டேஜ் பார்க்க வேண்டும். கதவின் தகட்டில் மீட்டரை வைக்கக் கூடாது, கீல் வழியாக அரைகுறை எர்த் கிடைத்து நல்லதுபோலக் காட்டும். இங்கே 11.8 வோல்ட் வந்தது. 0.1-க்குள் வந்திருக்க வேண்டும்.

பிசிஎம் உண்மையிலேயே போனால்

போவது உண்டு. மறுக்க வேண்டியதில்லை. கனெக்டரின் பின்னில் இன்புட் சரியாக வந்தும் ஸ்கேனர் காட்டும் லைவ் டேட்டா மாறாவிட்டால், அல்லது ஸ்கேனரில் அவுட்புட்டை இயக்கச் சொல்லியும் சப்ளை, எர்த் இரண்டும் நன்றாக இருக்க, பின்னில் வோல்ட்டேஜ் வராவிட்டால் பெட்டிக்குள் குறை. வயரில் ஷார்ட் இருந்தால் ஃபெட் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பின்னைக் கழற்றி வைத்துப் பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வர வேண்டும். முதல் எதிரி தண்ணீர். டாஷ்போர்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் பிசிஎம்முக்கு முன்கண்ணாடி ஓரத்திலிருந்தும், அடைத்த சன்ரூஃப் வடிகாலிலிருந்தும், ஏசி வடிகாலிலிருந்தும் நீர் வரும். வயரின் இழைகளுக்கு நடுவே ஊர்ந்தும் வரும். கரண்ட் இருக்கும் ஈரப் பலகையில் பின்னுக்குப் பின் உலோகம் வளர்ந்து பாலம் போட்டுவிடும். கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் பலகையைத் துடைத்து மாட்டினாலும் நாள்பட நிற்காது. கூடுதல் விளக்குகளை பிசிஎம் அவுட்புட்டில் ஒட்டுப்போட்டு இழுப்பதும், ஜம்ப் ஸ்டார்ட்டில் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பதும் ஃபெட்களைக் கொன்றுவிடும்.

மாற்றுவதென்றால் பழையது பேசும்போதே அதன் கான்ஃபிகரேஷனைப் படித்துச் சேமிக்க வேண்டும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத பூட்டு) அதற்குள் இருக்கும் வண்டிகளில் சாவிகள் அத்தனையும் மறுபடி கற்றுக்கொடுக்கப்பட வேண்டும். வேறு வண்டியிலிருந்து கழற்றிய பிசிஎம் இந்த இடத்தில் பல நேரம் மறுத்துவிடும். எழுதும்போது பேட்டரி சப்போர்ட்டர் 13 வோல்ட்டுக்குக் குறையாமல் பிடித்திருக்க வேண்டும், நடுவில் வோல்ட்டேஜ் விழுந்தால் புதுப் பெட்டியும் செத்துவிடும். இந்த வண்டியில் இவ்வளவையும் செய்து முடித்திருந்தாலும் புது பிசிஎம் அதே வயரைத்தான் படித்திருக்கும். சோதிக்கிறோம் என்று டிக்கியைப் பலமுறை திறந்து மூடியதில் நுனிகள் இடம் மாறி, ஓரிரு நாள் பழுது போனதுபோலத் தோன்றவும் கூடும்.

பழுது நீக்கம்

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, குழாயை இரு முனையிலும் விடுவித்து, ஹார்னஸை (வயர்க் கட்டை) இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே எடுக்க வேண்டும். அறுந்த எர்த்தையும் பிளந்த சுவிட்ச் வயரையும் மட்டும் ஒட்டிவிட்டு மூடுவது பாதி வேலை. அதே குழாயில் அதே வருடங்கள் வளைந்த மற்ற வயர்களும் அடுத்தடுத்து போகும். எல்லாவற்றையும் வளைவுப் பகுதி முழுதும் புதிதாக மாற்றுவதுதான் சரி, ரிவர்ஸ் கேமராவின் கோஆக்ஸ் கேபிள் நீங்கலாக. அதை வெட்டி ஒட்டக் கூடாது, தேவையானால் முழு கேபிளாக மாற்ற வேண்டும்.

நுண் இழைகள் நிறைந்த, அதிகம் வளையக்கூடிய வயர்தான் இங்கே நிற்கும். எர்த்துக்கு 2.5, வைப்பருக்கு 1.5, சுவிட்சுக்கும் விளக்குகளுக்கும் 0.5 முதல் 0.75 சதுர மில்லிமீட்டர். இணைப்புகள் ஒன்றுகூடக் குழாய்க்குள் வரக் கூடாது. பாடிக்குள்ளும் கதவுக்குள்ளும், வயர் அசையாத இடத்தில், ஒன்றுக்கு ஒன்று 3, 4 சென்டிமீட்டர் தள்ளி வர வேண்டும். அப்போதுதான் ஒரே இடத்தில் முடிச்சாகத் தடிக்காது. வயரை சரியான கிரிம்ப் கருவியால் நெரித்து, உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். வளையும் இடத்துக்கு அருகே சோல்டர் வேண்டாம். சோல்டர் இழைகளுக்குள் ஏறி இறுகிவிடும், அந்த இறுக்கம் முடியும் ஓரத்திலேயே வயர் சீக்கிரம் அறும். கதவு முழுதாகத் திறந்த நிலையில் வயர் இழுபடாத அளவுக்குத் தளர்ச்சி விட்டு, குழாயின் உதட்டைப் பாடித் துளையில் சுற்றிலும் சரியாக உட்கார வைக்க வேண்டும். ஓர் ஓரம் மடங்கியிருந்தாலும் மழைநீர் உள்ளே இறங்கி ஹார்னஸ் வழியாக ஓடும்.

சரிபார்ப்பு மூன்று படி. கதவு மூடிய நிலையில் வைப்பர் ஓடும்போது எர்த்தில் 60 மில்லிவோல்ட். 3 மீட்டர் நீள 2.5 வயரில் 3 ஆம்பியருக்கு இவ்வளவுதான் வர வேண்டும். அடுத்து, லைவ் டேட்டாவில் "டிக்கி" வரியை வைத்துக்கொண்டு, கதவை மூடிய பின் குழாயை வெளியிலிருந்து பிசைந்தும் தட்டியும் பார்த்தபோது "மூடியது" என்பது ஒருமுறையும் மாறவில்லை. பார்க் லைட் எரியும்போதே பிரேக் அழுத்தினால் மேல் விளக்கு எரிகிறது. கடைசியாக, கிளாம்பை மறுபடி மாட்டி, டிக்கியையும் கதவுகளையும் உண்மையாகவே பூட்டி, இரண்டு இரவுப் பதிவு: பதினைந்தாம் நிமிடத்திலிருந்து 24 மில்லிஆம்பியர், மூன்றாம் நாள் காலையில் பேட்டரி 12.6 வோல்ட். ஓட்டுநர் கதவின் ரப்பர் குழாயும் இதே வயதுதான் என்பதால் அதையும் அதே மேசையில் திறந்து பார்த்தாக வேண்டும். ஜன்னல் மோட்டார், சென்ட்ரல் லாக், கதவு சுவிட்ச் மூன்றும் அதன் வழியாகத்தான் போகின்றன.